மண்மேட்டில் பறக்கும் சைக்கிளுக்கு எந்த ஃபிரேம்?

அடி அதிகம், கருவி குறைவு

மலைச் சைக்கிள் விற்கும் கடைக்குள் முதன்முறை நுழைபவருக்கு ஒரு குழப்பம் வரும். கல்லும் வேரும் நிறைந்த காட்டுப்பாதையில், தரையை விட்டு அதிகம் எழும்பாமல் ஓடுகிற வண்டிக்கு முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 12 கியர், 29 அங்குலச் சக்கரம் என்று எல்லாம் இருக்கும். மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் தட்டி இறுக்கிய மேடுகளில் ஏறி ஆள் உயரத்துக்குப் பறந்து இறங்கும் டர்ட் ஜம்ப் சைக்கிளிலோ பின்பக்க ஷாக் இல்லை. கியர் இல்லை. பல வண்டிகளில் முன் பிரேக்கும் இல்லை. சக்கரம், மற்ற மலைச் சைக்கிள்கள் கைவிட்டுவிட்ட 26 அங்குலம். ஆறடி ஆள் ஓட்டினாலும் ஃபிரேம் சிறியதாகவே இருக்கும். இருக்கை முழங்காலுக்குக் கிட்டத்தில் கிடக்கும். அதிக அடி வாங்கும் வண்டிக்கு அடி தாங்கும் கருவி ஏன் குறைவாக இருக்கிறது? விலையைக் குறைக்கவா? அப்படியானால் விலை உயர்ந்த டர்ட் ஜம்ப் ஃபிரேம்களிலும் இதே அமைப்பு இருப்பானேன்?

விடை ஃபிரேமுக்கு வெளியே, மண்ணில் இருக்கிறது. தாவலின் அடியை முதலில் வாங்குவது இறங்கும் மேட்டின் சரிவு. அடுத்து வாங்குவது ஓட்டுபவரின் கால்கள். ஃபிரேமின் முறை கடைசியில்தான் வருகிறது. அதுவும் தாவல் பிசகும்போதுதான் முழுமையாக வருகிறது. ஆகவே ஃபிரேம் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தாவல் சரியாக அமையும்போது இந்த ஃபிரேம் குறுக்கே நிற்காமல் இருக்குமா? பிசகும்போது எந்த மூட்டில் விசை போய்ச் சேரும், அந்த மூட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது? உலோகத்தின் பெயர், எடை, நிறுவனத்தின் புகழ் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

ஒரு தாவலைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

70 கிலோ எடையுள்ள ஒருவர் 13 கிலோ சைக்கிளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 45 பாகை சாய்வில் முடியும் எகிறுமேட்டின் நுனியை விட்டுக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால் அவர் நுனிக்கு மேல் சுமார் 1.25 மீட்டர் எழும்பி, ஏறத்தாழ ஒரு நொடி காற்றில் இருந்து, 5 மீட்டர் தள்ளி அதே உயரத்துக்குத் திரும்புவார். திரும்பும்போதும் வேகம் அதே 25 கிலோமீட்டர்தான். திசை மட்டும் 45 பாகை கீழ்நோக்கி இருக்கும்.

அங்கே சமதளம் இருந்தால் கீழ்நோக்கிய வேகம் முழுவதையும் வண்டியும் ஆளும் சேர்ந்து கொன்றாக வேண்டும். அது 1.25 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக விழுவதற்குச் சமம். சமதளத்துக்குப் பதிலாக 35 பாகை சரிந்த இறங்குமேடு இருந்தால் கதை மாறிவிடுகிறது. வண்டி வரும் திசைக்கும் சரிவுக்கும் இடையே 10 பாகைதான் வித்தியாசம். வேகத்தின் பெரும்பகுதி சரிவோடு சேர்ந்து ஓடிவிடும். சரிவில் குத்துகிற பகுதி மிகச் சிறியது. கணக்கிட்டால் அது 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நடைபாதை ஓரத்துக் கல்லிலிருந்து இறங்கும் உயரம்கூட இதைவிட அதிகம். இந்த அளவைச் ‘சமவீழ்ச்சி உயரம்’ என்று அழைக்கலாம். அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்ட் ஹப்பர்ட் பனிச்சறுக்குத் தாவல்மேடுகளைப் பாதுகாப்பாக வடிவமைக்க இதே அளவைத்தான் முன்வைத்தார். பனிக்கு இருக்கும் இயற்பியல்தான் மண்ணுக்கும்.

இப்போது கால்களைச் சேர்த்துக்கொள்வோம். இறங்கும்போது முழங்காலும் முழங்கையும் மடங்கி உடல் 40 சென்டிமீட்டர் தாழ்கிறது என்றால், சமதளத்தில்கூடச் சராசரி விசை ஆள், வண்டி இரண்டின் மொத்த எடையைப் போல் நான்கு மடங்கு, அதாவது 340 கிலோ. சரிவில் இறங்கினால் அது எடையை விட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் கால்கள் விறைத்துப்போய், மொத்தமே 10 சென்டிமீட்டர்தான் தாழ முடிந்தது என்றால் சமதளத்து விசை 13 மடங்கைத் தாண்டும். ஒரு டன்னுக்கு மேல். மனிதக் கால் கொடுக்கும் 40 சென்டிமீட்டரின் முன் 10 சென்டிமீட்டர் பயணமுள்ள, அதாவது அவ்வளவு தூரமே அமுங்கும் பின் ஷாக் என்ன சேர்த்துவிடப் போகிறது? நன்றாகக் கட்டிய மேட்டில் அதற்கு வேலையே இல்லை.

பின் ஷாக் எடுத்துக்கொள்வது

வேலை இல்லாவிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். இருந்தால் எடுத்துக்கொள்ளும். எகிறுமேட்டின் முகம் உள்வளைவானது. 3 மீட்டர் ஆரமுள்ள அந்த வளைவில் மேலே சொன்ன வேகத்தில் நுழைபவரின் எடை இரண்டரை மடங்காகக் கூடியதுபோல் இருக்கும். திறமையுள்ள ஓட்டுநர் அந்த நேரம் பார்த்துக் கால்களை நீட்டி மண்ணை அழுத்துவார். அந்த அழுத்தத்துக்கு மண் திருப்பிக் கொடுப்பதுதான் கூடுதல் உயரம். இடையே ஒரு சுருள்வில்லோ காற்றுக்குழலோ இருந்தால் அழுத்தத்தில் ஒரு பங்கு அதைச் சுருக்குவதில் செலவாகும். அதன் எண்ணெய்த் தடுப்பான் அந்த ஆற்றலில் கொஞ்சத்தை வெப்பமாக்கி வீணடிக்கும். மீதி திரும்பி வரும் நேரமும் ஓட்டுநரின் கையில் இல்லை. நுனியைத் தாண்டிய பிறகு பின்சக்கரம் உதைத்தால் வண்டி மூக்குக் கவிழும்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க உதாரணம் ஒன்று உண்டு. கனடாவின் விஸ்லரில் நடக்கும் கிராங்க்வொர்க்ஸ் விழாவின் ரெட் புல் ஜாய்ரைடு போட்டியில் பலமுறை வென்ற பிராண்டன் செமெனுக் போன்றவர்கள் பின் ஷாக் உள்ள வண்டிகளிலும் ஓட்டியிருக்கிறார்கள். அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ட்ரெக் டிக்கெட் எஸ் அப்படிப்பட்டதுதான். ஆனால் அந்தப் போட்டித் தடம் மண்மேடுகள் மட்டும் கொண்டதல்ல. மரத்தட்டிகளிலிருந்து கீழே குதிக்கும் இடங்கள் உண்டு. தாவல்கள் மிகப் பெரியவை. சுழன்றபடி இறங்கும்போது சரிவோடு ஒட்டாமல் குத்தி விழும் வாய்ப்பும் அதிகம். அங்கே சமவீழ்ச்சி உயரம் கூடுகிறது, ஷாக்குக்கு வேலை வருகிறது. அதிலும் அவர்கள் வைத்துக்கொள்வது 100 மில்லிமீட்டரை ஒட்டிய குறுகிய பயணம்தான். அதையும் காற்றழுத்தம் கூட்டி விறைப்பாக வைத்திருப்பார்கள். ஊர்த்திடலில் மண்மேடு கட்டி ஓட்டுபவருக்கு அந்த வண்டி ஒரு பாடம் சொல்கிறது: மேடு மாறினால் ஃபிரேமும் மாறும்.

அப்படியானால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்டும் 100 மில்லிமீட்டர் ஷாக் எதற்கு? கைகள் கால்களைப் போல் வலுவானவை அல்ல. மூக்கு முதலில் இறங்கினால் முழு விசையும் மணிக்கட்டுக்கும், ஃபோர்க் ஃபிரேமோடு சேரும் கழுத்துக்கும் போகும். ஃபோர்க் அந்த இரண்டையும் காக்கிறது.

குட்டையான பின்பக்கம்

ஃபிரேமின் அளவுகளில் முதலில் பார்க்க வேண்டியது பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள தூரம். அதை இணைக்கும் குழாய்க்குச் சங்கிலித்தண்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். காட்டுப்பாதை வண்டிகளில் அது 430, 440 மில்லிமீட்டர் இருக்கும். டர்ட் ஜம்ப் ஃபிரேமில் 380 முதல் 400 வரைதான். நின்றபடி ஓட்டுபவரின் எடை பெடல் அச்சின் மேல் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்க அவர் அந்த எடையைப் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். தண்டு 5 சென்டிமீட்டர் குறைந்தால் உடல் பின்னால் போக வேண்டிய தூரமும் 5 சென்டிமீட்டர் குறைகிறது. எகிறுமேட்டின் நுனியில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் செய்ய வேண்டிய வேலையில் அது பெரிய தொகை.

26 அங்குலச் சக்கரத்தை விடாப்பிடியாக வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். சக்கரத்தின் ஆரம் பெரிதானால் டயர் பெடல் அச்சை நெருங்கிவிடும்; தண்டை இவ்வளவு குறுக்க இடம் இருக்காது. இருக்கைக்கும் டயருக்கும் நடுவே உடலைத் தாழ்த்தும் இடமும் போய்விடும். பெரிய சக்கரம் குண்டு குழிகளில் எளிதாக உருளும் என்பது உண்மைதான். ஆனால் தட்டி மெழுகிய மேட்டில் குண்டு குழி இல்லை. அப்படியானால் பி.எம்.எக்ஸ். வண்டியின் 20 அங்குலச் சக்கரம் இன்னும் நல்லதாயிற்றே என்றால், சுழற்றி விளையாடுவதற்கு நல்லதுதான். ஆனால் மண் கொஞ்சம் இளகியிருந்தாலும் சின்னச் சக்கரம் அதில் அதிகம் புதையும், வேகமும் சீக்கிரம் குறையும். 26 அங்குலம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

வண்டியின் மொத்த நீளமும் இப்படித்தான். காற்றில் வண்டியைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது, கனமான பாகங்கள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கடினமும் ஏறும். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் உள்ள காட்டுப்பாதை வண்டியை 104 சென்டிமீட்டராகக் குறுக்கினால், சக்கரங்கள் தரும் தயக்கம் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். சக்கரத்தின் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்காமல் கிடைக்கிற ஆதாயம் இது. எடை குறைந்த பாகங்களுக்குக் காசைக் கொட்டுமுன் அளவுப் பட்டியலை ஒருமுறை படிப்பது நல்லது.

கழுத்தில் நடப்பது

இனி பிசகிய தாவலுக்கு வருவோம். வேகம் போதாமல் இறங்குமேட்டின் சரிவை எட்டாமல் அதன் முகட்டிலேயே மோதுவதை ஓட்டுபவர்கள் ‘கேஸ்’ ஆவது என்பார்கள். அப்போது சரிவின் உதவி இல்லை, 1.25 மீட்டரும் 1.25 மீட்டர்தான். இந்த விசை ஃபிரேமில் எங்கே போய்ச் சேர்கிறது?

ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. தரையோடு 69 பாகை அளவில் முன்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தரை சக்கரத்தை மேலே தள்ளும்போது அந்த விசையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஃபோர்க்கை முன்னோக்கி வளைக்கிறது. ஃபோர்க் கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளமுள்ள நெம்புகோல். அதன் மறுமுனை தலைக்குழாய்க்குள், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் அந்தக் குட்டைக் குழாய்க்குள் இருக்கிறது. நெம்பும்போது தலைக்குழாயின் அடி முன்னே போகப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாய். எனவே ஒவ்வொரு இறக்கத்திலும் கீழ்க்குழாயின் அடிப்பக்கம் இழுபடுகிறது. முன்சக்கரம் எதிலாவது முட்டினால் நேர்மாறாக அது நசுக்கப்படுகிறது. இழு, நசுக்கு, இழு, நசுக்கு என்று மாறி மாறிப் படும் அந்த மூட்டில்தான் டர்ட் ஜம்ப் ஃபிரேமின் ஆயுள் இருக்கிறது. சர்வதேசச் சைக்கிள் தர நெறியான ஐ.எஸ்.ஓ. 4210 இதைத் தனியாகச் சோதிக்கச் சொல்கிறது: மலைச் சைக்கிள் ஃபிரேமின் முன் அச்சில் 1200 நியூட்டன் விசையால் முன்னோக்கியும் 600 நியூட்டன் விசையால் பின்னோக்கியும் 50,000 முறை தள்ளி இழுக்க வேண்டும்.

இதனால்தான் ஃபோர்க்கின் நீளத்தில் கைவைக்கக் கூடாது. 100 மில்லிமீட்டர் பயணத்துக்கு வடிவமைத்த ஃபிரேமில் 140 மில்லிமீட்டர் ஃபோர்க்கை மாட்டினால் சொகுசு கூடும், பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நெம்புகோல் 4 சென்டிமீட்டர் நீள்கிறது. முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் ஃபோர்க் இன்னும் 2 பாகை சாய்கிறது. இரண்டும் சேர்ந்து கழுத்தின் வளைவு விசையை ஏறத்தாழ 18 சதவீதம் கூட்டுகின்றன. பற்றவைத்த எஃகு மூட்டுகளுக்குப் பொறியாளர்கள் கையாளும் கணக்குப்படி, மீண்டும் மீண்டும் வரும் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். 18 சதவீதம் கூடினால் ஆயுள் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கும்.

எஃகா, அலுமினியமா

உலோகத்தை இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. கம்பி ஒன்றை ஒரே இழுப்பில் அறுக்க முடியாதவர்கூட அதை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி முறித்துவிடுவார். ஒருமுறை வந்தால் தாங்கக்கூடிய சுமை, பலமுறை வந்தால் உலோகத்தைப் பிளக்கிறது. இதற்கு உலோக அயர்ச்சி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்தபோது, ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை இயந்திரத்தில் சுழற்றிச் சுழற்றி இதை ஆராய்ந்தார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு என்று கண்டார்: சுமை அதற்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வந்தாலும் எஃகு தாங்கிக்கொண்டே இருக்கும். அதை அயராவரம்பு எனலாம். அலுமினியக் கலவைகளுக்கு இப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சிறிய சுமையும் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டே வரும்.

இதை வைத்து எஃகு ஃபிரேம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். அயராவரம்பு வழவழப்பான கம்பிக்கு உரியது. பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் நுண்ணிய பள்ளமும், ஆறும்போது உறைந்துபோன உள்இழுவிசையும் இருக்கும். விரிசல் அங்கே முன்கூட்டியே காத்திருக்கிறது. அதனால் பற்றவைத்த மூட்டின் அயர்ச்சி வலிமை, எஃகு எவ்வளவு உயர்ந்த ரகம் என்பதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ‘4130 குரோமோலி’ என்ற ஒட்டுத்தாள் குழாயின் நடுப்பகுதியைப் பற்றிப் பேசுகிறது, முறிவதோ ஓரத்தில். அங்கே உதவுவது வேறு: முனைகளில் தடித்து நடுவில் மெலிந்த குழாய், கழுத்துக்கு அடியில் வைத்த முட்டுத்தகடு, அகலமான தலைக்குழாய். முனை தடித்த குழாய் பழைய யோசனைதான். பர்மிங்காமின் ஆல்ஃபிரட் ரேனால்ட்ஸ் 1897இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தலைக்குழாய் கீழே அகலமாக இருந்தால் பெரிய கீழ்க்குழாயை அதில் சுற்றிப் பற்றவைக்கலாம். அதே விசை நீளமான மூட்டில் பரவும்.

அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் குழாயின் விட்டத்தை இரட்டித்துச் சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாமல் விறைப்பு நான்கு மடங்காகும். அலுமினிய ஃபிரேம்களின் குழாய்கள் பருமனாக இருப்பது அதனால்தான். நல்ல வடிவமைப்பாளர் அயராவரம்பு இல்லாததையும் கணக்கில் எடுத்து, சுமையை வெகுவாகக் கீழே வைத்திருப்பார். அப்படிச் செய்த அலுமினிய ஃபிரேம், அவசரமாகப் பற்றவைத்த எஃகு ஃபிரேமை விட நீண்டநாள் உழைக்கும்.

எஃகு ‘மென்மையாக’ ஓடும் என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம். சைக்கிள் ஃபிரேம் முக்கோணங்களால் ஆனது. மேலிருந்து கீழாக அது அமுங்குவது மிகச் சொற்பம். அதே சுமையில் டயர் அமுங்குவது அதைப் போல் பல மடங்கு. நின்றபடி ஓட்டும் வண்டியில் இருக்கைத்தண்டின் நெளிவுக்கும் இடமில்லை. டயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கிடைக்கும் மென்மையை ஃபிரேமை மாற்றிப் பெற முடியாது.

இருந்தாலும், இரண்டும் சம அக்கறையோடு செய்யப்பட்டிருந்தால் என் ஓட்டு எஃகுக்குத்தான். குழாய் மெலிவாக இருப்பதால் முழங்காலுக்கு இடம் கிடைக்கிறது. கீழே விழுந்து கல்லில் மோதினால் சப்பளிவதும் குறைவு. ஈரம் மட்டும் அதற்கு எதிரி. துரு பிடித்த எஃகுக்கு அயராவரம்பு இல்லை. எனவே குழாயின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெய் தடவ வேண்டும். எடை கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எஃகில் கூடும் அரைக் கிலோ பெரும்பாலும் வண்டியின் நடுவில் இருக்கிறது, சுழற்சிக்கு அதிகம் தடை செய்யாத இடத்தில். அதே அரைக் கிலோவை டயரிலும் விளிம்பிலும் குறைத்தால் கைக்குத் தெரியும்.

பின் அச்சும் ஒட்டுத்தாளும்

கியர் இல்லாததால் சங்கிலியின் தொய்வை எடுக்க வேறு வழி வேண்டும். டர்ட் ஜம்ப் ஃபிரேமில் பின் அச்சு உட்காரும் வெட்டு கிடைமட்டமாக நீண்டிருக்கும். அச்சை அதில் பின்னே தள்ளி முறுக்கினால் சங்கிலி இறுகும். அச்சோடு சேர்ந்து டிஸ்க் பிரேக்கின் பிடியும் நகரும்படி அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியை இறுக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் கட்டைகள் வட்டிலிருந்து விலகும்.

ஃபிரேமில் 1 முதல் 5 வரை ஓர் எண் கொண்ட ஒட்டுத்தாள் இருக்கலாம். அமெரிக்கத் தர நெறியான ஏ.எஸ்.டி.எம். எஃப் 2043 வகுத்த பயன்பாட்டுப் பிரிவுகள் அவை. 3 என்றால் 61 சென்டிமீட்டருக்குக் குறைவான குதிப்புகள், 4 என்றால் 122 சென்டிமீட்டருக்குக் குறைவானவை, 5 என்றால் பெரிய தாவல்கள். நம் உதாரணத்துத் தாவல் கேஸ் ஆனால் 125 சென்டிமீட்டர். தோற்றத்தில் டர்ட் ஜம்ப் சைக்கிளாகவே இருந்தாலும் 3 என்ற எண் போட்ட வண்டி அந்த மேட்டுக்கு உரியதல்ல.

பழைய ஃபிரேம் வாங்குபவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, கீழ்க்குழாய் தலைக்குழாயோடு சேரும் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். வண்ணப்பூச்சில் குழாய்க்குக் குறுக்கே மயிரிழை அளவு கோடு, எஃகாக இருந்தால் அந்தக் கோட்டில் துருவின் கசிவு, முட்டுத்தகடு முடியும் இடத்தில் பூச்சு உப்பல், கழுத்துக்குச் சற்றுப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படும் சுருக்கம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் விலை பேசத் தேவையில்லை. விரிசலைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொல்லக்கூடும். எஃகில் அனுபவமுள்ள கை அதைச் செய்யலாம், ஆனால் மூட்டு வடிவமைத்தபடி இருக்காது. 6061 அலுமினியத்தில் நிலைமை மோசம். தொழிற்சாலையில் முழு ஃபிரேமையும் பற்றவைத்த பிறகு 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்துத்தான் வலிமையை மீட்டெடுக்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்தால் அந்தச் சூடு பட்ட வட்டம் முழுவதும் ஏறத்தாழப் பாதி வலிமையோடு நிற்கும், அதுவும் அதிகம் இழுபடும் அதே கழுத்தில்.